முப்பத்தஞ்சு சதவீதம்

எங்கள் சேரியில் மாசம் ஒருமுறை படிப்பு வட்டம் நடக்கிறது. வட்டம் என்பது பேருக்குத்தான். முன்பு இரவுப் பள்ளி நடந்த ஓட்டுக் கட்டடத்தில் பத்துப் பதினைந்து பேர் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். போன தடவை எடுத்துக்கொண்ட விஷயம் 'அரசியல் சட்டம் யாருடையது?' மூன்று பேர் பேசினார்கள். சட்டக் கல்லூரியில் படிக்கிற பையன், அது முழுக்க முழுக்க அம்பேத்கர் எழுதியது, அதில் ஒரு கமாவைத் தொட்டாலும் நம்மைத் தொட்ட மாதிரி என்றான். தோழர் ஒருவர், அது 1935ஆம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டத்துக்குப் போட்ட புது அட்டை, வெள்ளை எஜமான் கறுப்பு எஜமானுக்குச் சாவியைக் கைமாற்றினான், அவ்வளவுதான் என்றார். மூன்றாமவர் ரிட்டையர் ஆன அரசு ஊழியர். "வெள்ளைக்காரன் மட்டும் வராம இருந்திருந்தா நீயும் நானும் இங்க உக்காந்து அரசியல் சட்டத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பமா?" என்று கேட்டு முடித்துக்கொண்டார்.

கதவோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெரியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அது இருக்கட்டும்டா. எங்க தாத்தனுக்குத் தொர குடுத்த பூமின்னு சொல்லுவாங்க. நானே அதுல களை பறிச்சிருக்கேன், கூலிக்கு. தொர குடுத்தது நமக்குன்னா, நான் ஏன் அதுல கூலிக்குப் போனேன்? அந்தச் சட்டத்துல அது எழுதியிருக்கா?"

யாரிடமும் பதில் இல்லை. இந்தக் கட்டுரை பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப் போனதில் வந்தது. பதில் முழுசாகக் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

* * *

தொரை கொடுத்த பூமி என்பது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். அதையொட்டி 1892இல் மதராஸ் அரசாங்கம் ஆணை போட்டது. தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒப்படை செய்யலாம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது. அதற்கப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம். இந்த நிபந்தனையை வைத்துத்தான் நம் ஊர்களில் 'டி.சி. நிலம்', 'கண்டிஷன் பட்டா' என்று சொல்லுகிறார்கள்.

இதைப் படித்தவுடன் ரிட்டையர் ஆன ஐயா சொன்னது சரி என்று படும். கொஞ்சம் பொறுங்கள். கொடுத்தது எந்த நிலத்தை? தரிசை. நல்ல நஞ்சை யாரிடம் இருந்தது? மிராசுதாரிடம். அந்த மிராசு உரிமையை எழுதி வைத்து, விளக்கி, கோர்ட்டில் செல்லும்படி ஆக்கியது யார்? அதே கம்பெனி அரசாங்கம்தான். எல்லிஸ் துரையை நாம் திருக்குறளுக்காகவும் திராவிட மொழிகள் பற்றிச் சொன்னதற்காகவும் கொண்டாடுகிறோம். அவரே மிராசு உரிமை பற்றியும் ஆராய்ந்து எழுதினார். ஊரில் ஒரு பழக்கமாக, ஒரு மிரட்டலாக, தடி உள்ளவன் சொல்லாக இருந்த விஷயம், காகிதத்தில் ஏறியதும் உரிமையாகிவிட்டது. நாமும் காகிதத்தில் ஏறினோம். நிலத்தோடு சேர்ந்த ஆளாக ஏறினோம். 1843இல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது என்று சொன்னார்கள். அடிமைக்கு நிலம் தருவது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அடிமை பண்ணையாளானான். அதே பண்ணை, அதே களம், அதே மரக்கால்.

ஆக ஒரு கையால் நூறு வருஷம் மிராசைக் கெட்டிப்படுத்திவிட்டு, இன்னொரு கையால் தரிசைக் கொடுத்தார்கள். பஞ்சாபில் இன்னும் மோசம். அங்கே 1900இல் நிலப் பராதீனச் சட்டம் என்று ஒன்று வந்தது. வட்டிக்கடைக்காரனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்ற என்றார்கள். 'விவசாயச் சாதிகள்' என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களுடைய நிலத்தை அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்கள் வாங்கக்கூடாது என்றார்கள். நாளெல்லாம் வயலில் கிடக்கிற அங்குள்ள தலித் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. உழுகிறவன் விவசாயி கிடையாது என்று சட்டமே சொல்லிவிட்டது! காலனியாதிக்கம் சாதியை ஒழிக்க வந்தது என்கிறவர்களுக்கும் சரி, சாதியையே வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்று இப்போது பல்கலைக்கழகங்களில் புதுசாகச் சொல்லுகிறவர்களுக்கும் சரி, இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அவன் உண்டாக்கவில்லை. இருந்ததைப் பதிவேட்டில் ஏற்றி முத்திரை குத்தினான். முத்திரை குத்தியபோது இடையிடையே நமக்கும் ஒரு சீட்டு கிடைத்தது. அந்தச் சீட்டுக்காக நாம் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பதா என்பதுதான் கேள்வி.

கோர்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1858இல் விக்டோரியா ராணி, உங்கள் மத விஷயத்தில் தலையிடமாட்டோம் என்று பிரகடனம் செய்தாள். நல்ல வார்த்தை மாதிரிதான் இருக்கிறது. யாருடைய மதம், யாருடைய விஷயம்? கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் தீர்ப்பு. வழக்கம் அப்படித்தான், உள்ளே போக உரிமை இல்லை என்று வெள்ளைக்கார ஜட்ஜுகள் சொன்னார்கள். தலையிடாமை என்றால் இதுதான்: அடிக்கிறவன் கையைப் பிடிக்காமல் நிற்பது, கூடவே அவன் கையில் ஒரு தீர்ப்பு நகலையும் கொடுப்பது. மகாத் குளத்து வழக்கில் மட்டும் வேறு மாதிரி ஆனது. 1927இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பத்து வருஷம் இழுத்து 1937இல் பம்பாய் ஹைகோர்ட் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதை எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை என்றுதான் சொன்னது. வழக்கம் என்று நிரூபித்திருந்தால்?

நம்மிடம் 'மாமூல்' என்று ஒரு சொல் இருக்கிறது. பழைய ரெவின்யூ காகிதங்களில் மாமூல் என்றால் வழக்கம். இப்போது மாமூல் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லுக்கு அர்த்தம் மாறவில்லை என்றே தோன்றுகிறது. வலுத்தவன் வாங்குகிறான், இளைத்தவன் கொடுக்கிறான், ஏன் என்று கேட்டால் மாமூல்.

* * *

இனி அரசியல் சட்டத்துக்கு வருவோம். தோழர் சொன்னது பொய்யில்லை. 1935ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்திலிருந்து நிறைய எடுத்திருக்கிறார்கள். அம்பேத்கரே 1948 நவம்பர் 4ஆம் தேதி சபையில் அதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். கவர்னர் ஆட்சி என்று முன்பு 93ஆம் பிரிவில் இருந்தது, இப்போது 356இல் இருக்கிறது. அவசரச் சட்டம் பிறப்பிக்கிற அதிகாரம் வைஸ்ராயிடமிருந்து ஜனாதிபதிக்கு வந்தது. விசாரணை இல்லாமல் சிறையில் போடுகிற அதிகாரம், 1818 வங்காள ரெகுலேஷனில் தொடங்கி ரௌலட் சட்டம் வழியாக வந்து, அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயத்துக்குள்ளேயே 22ஆவது உறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. உரிமைகளின் வீட்டுக்குள்ளேயே லாக்கப்! அதிலிருந்து 1950இல் தடுப்புக் காவல் சட்டம், 1971இல் மிசா, 1982இல் நம் மாநிலத்துக் குண்டர் சட்டம். குண்டர் சட்டத்தில் நம் பையன்களை எப்படிப் போடுகிறார்கள் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

372ஆவது உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதிகம் பேர் பேசாத உறுப்பு. மாற்றப்படும் வரைக்கும் பழைய சட்டங்கள் எல்லாம் தொடரும் என்று அது சொல்கிறது. 1950 ஜனவரி 26 காலையில் கொடி ஏறியபோது 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டமும், 1859ஆம் வருஷத்து மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டமும், 1894ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டமும் இந்தக் கதவு வழியாகத்தான் குடியரசுக்குள் வந்தன. ராஜத்துரோகப் பிரிவு 124-அ 2022இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைக்கிற வரைக்கும் வேலை செய்தது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோது அந்தப் பெயர் போனது, வேறு எண்ணில் வேறு வாசகத்தோடு ஆள் வந்துவிட்டது.

சொத்துரிமை கதையும் அப்படித்தான். 1935 சட்டத்தின் 299ஆம் பிரிவு சொத்துக்காரர்களுக்குக் காவல் போட்டது. 1950இல் அது 31ஆவது உறுப்பானது. 1978இல் 44ஆவது திருத்தம் வந்துதான் அது அடிப்படை உரிமை என்ற அந்தஸ்தை இழந்தது. காலனி அரசாங்கம் யாருக்கெல்லாம் பட்டா எழுதிக் கொடுத்ததோ அவர்களுக்கு இருபத்தெட்டு வருஷம் அரசியல் சட்டமே காவல்காரனாக நின்றது. 1947 மார்ச்சில் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவை அச்சிட்டார். அதில் விவசாய நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், கூட்டுப் பண்ணையாக்கி சாதி பார்க்காமல் குத்தகைக்கு விட வேண்டும், நிலப்பிரபுவும் இருக்கக்கூடாது, நிலமில்லாக் கூலியும் இருக்கக்கூடாது என்று இருக்கிறது. இது அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், மெஜாரிட்டிக்காரன் மனசைப் பொறுத்து விடக்கூடாது என்றும் இருக்கிறது. அது எங்கே போனது? பெரியம்மாவின் கேள்விக்கு அரைப் பதில் இங்கே இருக்கிறது. எழுதச் சொன்னவர் இருந்தார். எழுதவிடவில்லை. அதனால் 'அரசியல் சட்டம் முழுக்க அம்பேத்கருடையது' என்று நம் பையன் சொல்கிறபோது, அம்பேத்கரிடமிருந்து பிடுங்கப்பட்டதையும் சேர்த்து நாம் மறைத்துவிடுகிறோம். 1953இல் ராஜ்யசபாவில் அவரே, இதை எரிக்கிற முதல் ஆளாக நான் இருப்பேன் என்று கோபத்தோடு பேசியதை நம் மேடைகளில் ஏன் எடுப்பதில்லை? சிலையின் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டோம். புத்தகம் மூடியே இருக்கிறது.

ஆனால் தோழரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. 1935 சட்டப்படி ஓட்டு யாருக்கு? சொத்து, வரி, படிப்பு பார்த்து மூன்று கோடிப் பேர் சொச்சத்துக்கு. சேரியில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும், நீங்களே யோசியுங்கள். 1950இல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. 1951–52 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் பதினேழு கோடிக்கு மேல். இது எந்த வெள்ளைக்காரச் சட்டத்திலும் இல்லாதது. 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 13ஆவது உறுப்பு. அடிப்படை உரிமைக்கு முரணான பழைய சட்டம் செல்லாது என்கிறது, சட்டம் என்பதில் வழக்கமும் அடங்கும் என்கிறது. கமுதியிலும் மகாத்திலும் கோர்ட் எதைக் கும்பிட்டதோ அந்த மாமூலை 13 வெட்டுகிறது. 372 பழையதைக் காப்பாற்றுகிறது, 13 பழையதைக் கொல்லுகிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில். இந்தச் சண்டையைப் பார்க்காமல் 'புது அட்டை' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம்தான்.

அருண் ஷோரி 1997இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். அம்பேத்கர் வெள்ளைக்காரனுக்குத் துணை போனவர், அரசியல் சட்டத்தை அவர் எழுதவில்லை என்பது சாரம். பதில் சொன்ன நம்மவர்கள் எல்லாம் 'இல்லை, அவர்தான் எழுதினார்' என்பதிலேயே நின்றுவிட்டார்கள். ஷோரி விரித்த பாயில் உட்கார்ந்து பேசியது மாதிரி. சட்டசபையில் பேசியதையும், பேசித் தோற்றதையும் சேர்த்துப் பார்த்திருந்தால், துணை போனவர்கள் யார் என்ற விஷயம் வேறு மாதிரி திரும்பியிருக்கும். 1930, 31இல் லண்டனில் அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும் கேட்டது வெள்ளைக்காரன் இருக்க வேண்டும் என்று அல்ல. அவன் போகும்போது சாவியை யார் கையில் கொடுப்பான் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டது தேசத் துரோகம் என்றால், கேட்காமல் இருந்தவர்களின் சேரியைப் போய்ப் பார்க்கலாம்.

* * *

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1909இல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வந்தது. 1919 சீர்திருத்தத்தில் நமக்கு நியமன இடங்கள்தான். எம்.சி. ராஜா மதராஸ் கவுன்சிலுக்குள் போனது அப்படித்தான், பின்னால் ரெட்டமலை சீனிவாசனும். நியமனம் என்றால் கவர்னர் கைகாட்டுகிற ஆள். அப்படி உள்ளே போயும் பொது வழியும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியது என்று 1924இல் சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார் என்பது அவர்களுடைய பெருமை. கவர்னருடைய பெருமை அல்ல.

1932 ஆகஸ்டில் மக்டொனால்டின் தீர்ப்பு வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனித் தொகுதி, கூடவே பொதுத் தொகுதியிலும் ஓட்டு. இரட்டை ஓட்டு. மாகாண சபைகளில் 71 இடம், மதராஸுக்கு 18. செப்டம்பர் 20இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். இடங்கள் 148 ஆயின, மதராஸில் 30. 'இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்ததே' என்று இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். எண்ணிக்கை ஏறியது. ஆள் யார் என்று முடிவு செய்கிற உரிமை இறங்கியது. ஒரு சின்ன மிச்சம் வைத்தார்கள்: முதலில் நம் வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நாலு பேரில் ஒருத்தரை எல்லாச் சாதியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். அந்த மிச்சத்துக்கும் பத்து வருஷக் கெடு.

நாலு பேரில் ஒருத்தரை என்றால் என்ன அர்த்தம்? நாம் முதலாவதாக அனுப்பியவரையும் நாலாவதாக அனுப்பியவரையும் ஊர் ஒரே வரிசையில் நிறுத்தி, தனக்குப் பிடித்தவரைப் பொறுக்கிக்கொள்ளும். 1945–46 தேர்தலில் அதுதான் நடந்தது. ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷன்காரர்கள் முதல்கட்டத் தேர்தல் நடந்த இடங்களில் பலமாக வந்தார்கள், பொதுத் தேர்தலில் விழுந்தார்கள். அந்தத் தோல்விக் கணக்கைக் காட்டித்தான் 1946இல் கேபினட் தூதுக்குழு, உங்கள் மக்கள் காங்கிரஸ் பக்கம் அல்லவா இருக்கிறார்கள் என்று ஃபெடரேஷனைத் தள்ளி வைத்தது. ஊர் போட்ட ஓட்டைச் சேரி போட்ட ஓட்டாக எண்ணினார்கள். அரசியல் நிர்ணய சபையும் அந்தத் தேர்தலில் வந்த மாகாண சபைகள் தேர்ந்தெடுத்ததுதான். அம்பேத்கருக்குப் பம்பாயில் வழி அடைபட்டு, ஜோகேந்திரநாத் மண்டலின் உதவியில் வங்காளத்திலிருந்து வரவேண்டியிருந்தது. பிரிவினையில் அந்த இடமும் போனது, பிறகு பம்பாயிலிருந்து காங்கிரஸ் ஆதரவில் வந்தார்.

இந்தச் சபையில் 1947 ஆகஸ்ட் 28ஆம் தேதி, மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த எஸ். நாகப்பா எழுந்தார். காங்கிரஸ்காரர். சிறுபான்மையோர் பற்றிய பட்டேல் கமிட்டியின் அறிக்கை விவாதத்தில் இருந்தது. கூட்டு வாக்காளர் தொகுதி, இடம் மட்டும் ஒதுக்கீடு என்பது அறிக்கை. நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒதுக்கப்பட்ட தொகுதியில் ஒரு வேட்பாளர் ஜெயித்தார் என்று அறிவிப்பதற்கு முன்னால், அவர் ஷெட்யூல்டு சாதியினர் போட்ட ஓட்டில் குறைந்தது முப்பத்தைந்து சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். இவ்வளவுதான். தனித் தொகுதி கேட்கவில்லை. இரட்டை ஓட்டு கேட்கவில்லை. நம் பெயரில் போகிற ஆளை நம்மில் மூன்றில் ஒருத்தராவது ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டார். பட்டேல் எதிர்த்தார். நாகப்பா திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மறுநாள் 29ஆம் தேதி வரைவுக் குழுவை நியமித்தார்கள், அதில் அம்பேத்கர் பெயர் இருந்தது. நான் இந்த இரண்டு தேதிகளையும் வெகுநாள் தனித்தனியாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது என்னவோ போல் இருந்தது. அவர் பேனா எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே நம்முடைய பிரதிநிதித்துவத்தின் கதை முடிந்திருந்தது. யார் எழுதினார் என்பதைவிட, எழுத உட்காரும்போது எதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது என்று நம் ஆய்வாளர்கள் தேட வேண்டும்.

1952இல் பம்பாய் வடக்கில் அம்பேத்கர் தோற்றார். ஜெயித்தவரும் தாழ்த்தப்பட்டவர்தான், காங்கிரஸ்காரர். இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

எங்கள் தொகுதியும் தனித் தொகுதிதான். பெயர் வேண்டாம். பஞ்சமி நில விஷயமாக ஒருமுறை அப்போதைய எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனோம். நம் ஆள். நல்ல மனுஷன்தான், டீ வாங்கிக் கொடுத்தார். மனுவைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இந்த நிலம் எல்லாம் யார் கைல இருக்குன்னு எனக்கும் தெரியும். நான் இதக் கேட்டா அடுத்த தடவ எனக்கு சீட்டு வராது. உங்க ஓட்டு எனக்கு எப்படியும் பாதிதான். அவங்க ஓட்டு இல்லாம நான் டெபாசிட் வாங்க முடியுமா?" பொய் சொல்லவில்லை அவர். அன்றைக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. நாகப்பாவைப் படித்த பிறகு அந்த ஆத்திரம் அவர் மேல் நிற்கவில்லை. டில்லியில் 1947இல் திரும்பப் பெற்ற ஒரு வரி, எங்கள் தாலுகாவில் மடித்த மனுவாக என் கைக்கு வந்தது.

* * *

காலனிக்காலம் விட்டுப்போன இன்னும் இரண்டு விஷயங்களைத் தொட்டுவிட வேண்டும். ஒன்று, 'கிராமக் குடியரசு'. 1830இல் மெட்காஃப் என்கிற கம்பெனி அதிகாரி, இந்தியக் கிராமங்கள் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று எழுதி வைத்தார். ஊரைப் பார்த்தவர் சேரியைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நம் தேசியவாதிகள் நூறு வருஷம் உருகினார்கள். அந்நிய மோகம் என்று அம்பேத்கரைத் திட்டியவர்கள், தங்கள் கிராமத்தைப் பற்றிய அறிவையே ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து கடன் வாங்கியிருந்தார்கள். 1948 நவம்பர் பேச்சில் அம்பேத்கர் மெட்காஃபைப் பெயர் சொல்லியே மறுத்தார், கிராமம் என்பது குறுகிய புத்தியின் குகை என்ற மாதிரி பேசினார். சபையில் நிறையப் பேருக்குக் கோபம். பஞ்சாயத்து 40ஆவது உறுப்பாக, வழிகாட்டும் கொள்கையாக நுழைந்தது. 73ஆவது திருத்தம் வந்து ஒதுக்கீட்டோடு பஞ்சாயத்துத் தேர்தல் நடந்த பிறகு குடியரசின் லட்சணம் தெரிந்தது. 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூடப் போனவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. மெட்காஃப் இருந்திருந்தால் குறிப்பு எழுதியிருப்பார்.

இன்னொன்று, பட்டியல். 1931 சென்சஸில் யார் கோயிலுக்குள் விடப்படுவதில்லை, யார் கிணற்றைத் தொடக்கூடாது என்று பார்த்துக் கணக்கெடுத்தார்கள். அதன் அடிப்படையில் 1936இல் ஷெட்யூல்டு சாதிகள் ஆணை. கிறிஸ்தவர் எவரும் இதில் வரமாட்டார் என்று அதிலேயே ஒரு வரி. 1950இல் ஜனாதிபதி ஆணை அந்த வரியை இன்னும் இறுக்கியது, இந்து அல்லாதவர் யாரும் கிடையாது என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் திறக்கச் சொன்னது. 2022இல் இன்னொரு கமிஷன் போட்டார்கள். எங்கள் தெருவில் அண்ணன் அந்தோணி, தம்பி ஆறுமுகம் என்று ஒரே வீட்டில் இரண்டு சாதிச் சான்றிதழ் இருக்கிறது. சுடுகாடு ஒன்றுதான், ஊர்ச் சுடுகாடு இல்லை. தீண்டாமையை அளப்பதற்குக் கோயில் கதவை அளவுகோலாக வைத்தான் வெள்ளைக்காரன். கோயிலை விட்டு வெளியேறியவனுக்கு அளவே இல்லாமல் போயிற்று. இதைக் காலனியச் சட்டம் என்று சொல்லிக் குடியரசு தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை, வசதியாக இருந்தது.

* * *

பஞ்சமி நிலத்தை மீட்க 1994 அக்டோபரில் காரணை மக்கள் கிளம்பியபோது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். கையில் இருந்தது 1892ஆம் வருஷத்து ஆணை. எதிரே நின்றதும் காலனியச் சட்டம் உண்டாக்கிய போலீஸ். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 'பஞ்சமி' என்ற சொல் எங்கள் பக்கத்துப் பையன்கள் வாயில் வந்தது. அதுவரைக்கும் பெரியம்மாக்களின் வாயில் 'தொர குடுத்த பூமி'யாக மட்டும் இருந்தது.

போன வாரம் படிப்பு வட்டம் மறுபடி கூடியது. நாகப்பா திருத்தத்தை நான் தமிழில் சொன்னேன். சட்டக் கல்லூரிப் பையன் உடனே ஒரு சிக்கலைப் பிடித்தான். ரகசிய ஓட்டு. எல்லா ஓட்டும் ஒரே மெஷினில் விழுகிறது. நம் ஓட்டில் முப்பத்தஞ்சு சதவீதம் வந்ததா என்று எப்படி எண்ணுவது? சாதிக்கு ஒரு மெஷின் வைப்பதா? தோழர், நம்மைத் தனியாக எண்ணினால் அன்றைக்கு ராத்திரியே ஊர்க்காரன் தீ வைப்பான் என்றார். இப்ப மட்டும் தெரியாதாக்கும், சேரி பூத் நம்பர் எல்லாக் கட்சிக்காரனுக்கும் மனப்பாடம் என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரியம்மா குறுக்கே வந்தாள். "அவன் எண்ணுறதுக்கு நம்மளத் தனியா தெரியுதில்ல? அப்ப நாம எண்ணுறதுக்கு மட்டும் ஏன்டா தெரியக்கூடாது?"

ராத்திரி பதினொன்று வரை இதே பேச்சு. அடுத்த கூட்டத்துக்கு 1947 மார்ச் மனுவையும், எங்கள் கிராமத்துப் பழைய 'அ' பதிவேட்டின் நகலையும் எடுத்து வருவதாகப் பையன் ஒத்துக்கொண்டிருக்கிறான். பதிவேட்டுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நாலு மாசம் ஆகிறது. பதில் வந்தால் எழுதுகிறேன்.